துணி அடிக்கும் பாட்டும் சொல்லாத பேரும்

அவைக்கு நடுவே அத்தர் மணக்க அமர்ந்திருக்கும் தலைவர், ஜவுளிக்கடை மீரா சாஹிப் அவர்களே! நான் வெளுத்துக் கொடுத்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு, ‘சுருக்கமாகப் பேசவும்’ என்று எனக்கே சீட்டு எழுதி நீட்டிய பெருந்தகையே! அந்தச் சீட்டை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பேச்சே முடிந்துவிடும், கவலைப்படாதீர்கள். மூன்றாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவள் நான்.

எனக்கு முன்னால் முழங்கிவிட்டு, இப்போது ஓவல்டின் குடித்துக்கொண்டிருக்கும் வக்கீல் ஐயா அவர்களே! பாச்சாங் வட்டாரத்துப் பெரியோர்களே! கருவாட்டு வாசம் கமகமக்க கோலா சுங்கை பாருவிலிருந்து வந்திருக்கும் கடலோரத்துச் சொந்தங்களே! மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரியில் குலுங்கிக் குலுங்கி, கொண்டை அவிழ்ந்து, மறுபடி முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தங்கச்சிமார்களே! ‘டோபிப் பொம்பளைக்கெல்லாம் மேடையா’ என்று வாசலில் நின்று முணுமுணுத்த மாமன்மார்களே! மாமா, உங்கள் வேட்டி இன்னும் என் கல்லில்தான் கிடக்கிறது. பார்த்து முணுமுணுங்கள்.

அத்தனை பேருக்கும் இந்த அன்னம்மாவின் அடக்கமான வணக்கம். என்ன சிரிப்பு அங்கே? அடக்கம் எனக்கு வராதா?

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பிரஜாவுரிமையின் அவசியம்’. அதை வக்கீல் ஐயா அடித்து, துவைத்து, பிழிந்து, காயவும் போட்டுவிட்டார். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, இந்த ஒரு வருஷம் மலாய் பரீட்சை கிடையாது, பதிந்துகொள்ளுங்கள் என்று அழகாகச் சொல்லிவிட்டார். ஆகவே நான் பேசப்போவது வேறு. நான் பேசப்போவது ஒரு பாட்டைப் பற்றி. தமிழ்ப்பாட்டா? இல்லை. மலாய்ப்பாட்டா? இல்லை. ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு, வெள்ளைக்காரனுக்கே குளிர் எடுக்கும் நாடு, அந்த நாட்டுப் பெண்கள் பாடிய பாட்டு.

‘அன்னம்மாவுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு லா’ என்று ஒரு குரல் கேட்கிறது. ஏறட்டும் தம்பி. ஏன் இந்தப் பாட்டு என்று முதலில் சொல்கிறேன்.

நேற்று, அதோ அந்த வராந்தாவில் பதிவு மேசை போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நம்ம சேகரன் தம்பி. தங்கமான பிள்ளை, கோபமே வராது. அவர் முன்னால் போய் நின்றாள் ராமாத்தாள். மூன்றாவது வரிசையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளேதான். ஒளியாதே புள்ளே, எல்லாரும் பார்த்தாச்சு.

“பேரு என்னாம்மா?”

“ராமாத்தா.”

“வீட்டுக்காரர் பேரு?”

“அவரு பேருங்களா?”

“ஆமாம்மா, அவரு பேரு.”

“அதாங்க... அவரு பேரு.”

“அதாம்மா கேக்கிறேன். அவரு பேரு என்னா?”

“அவரு பேருதாங்க!”

கிணற்றுக்குள் வாளி விட்டது மாதிரி அதே சத்தம் திரும்பித் திரும்பி வந்தது. பின்னால் நின்றவள் சொல்லப்போனாள். சேகரன் தம்பி கையெடுத்துக் கும்பிட்டார். “அக்கா, சட்டம்க்கா. அவங்களே வாயால சொல்லணும்.” ராமாத்தாள் என்ன செய்தாள்? தலையைக் குனிந்தாள், திரும்பினாள், நடந்துவிட்டாள். அவள் மட்டுமா? அவளைப் பார்த்து ஏழெட்டுப் பேர் நடந்துவிட்டார்கள்.

தாய்மார்களே, அவள் வீட்டுக்காரர் மணியம் அண்ணன் பதிந்துவிட்டார். அவர் பிள்ளைகள் இந்த மண்ணில் பிறந்ததுகள், அதுகளுக்குக் கவலை இல்லை. அந்த வீட்டில் உலை வைக்கிறவள் ஒருத்திதான் ஊர் இல்லாதவளாக நிற்கிறாள்! மேசை இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மடங்கிவிடும். மறுபடி எப்போது வரும்? சேகரன் தம்பிக்கே தெரியாது. ஒரு பேர், ஒரே ஒரு பேர், அது தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. அதற்காகத்தான் அம்மா இந்தப் பாட்டு.

அவசரகாலம், காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு பட்டாளம் சண்டை போட்ட காலம், உச்சத்தில் இருந்த நேரம். நம்ம மலாக்காவுக்கு ‘வெள்ளைப் பகுதி’, பயம் தீர்ந்த இடம் என்று பட்டம் வருவதற்கு முன்னால். நாம் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை, ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகிறவள் ஒரு பிடி சோறு கொண்டுபோகக்கூடாது, காட்டிலிருக்கிறவனுக்குப் போய்விடுமாம். பசியோடு மரம் வெட்டினோமே, மறந்தா போகும்? அப்போது நான் ஆனைக்கல் தோட்டத்தில் பங்களா டோபி. துரைக்குப் புதிதாகக் கல்யாணமாகி ஒரு துரையம்மா வந்து இறங்கினாள். பேர் மோராக். தலைமுடி செம்பருத்திப் பூ நிறம். தமிழை அவள் குசினிக்காரரிடம் கற்றுக்கொண்டாள். அதனால் கவர்னர் வந்தாலும் ‘வா, உட்காரு, துன்னு’ என்பாள்.

ஒரு நாள் கிணற்றடியில் நான் கம்பளிப் போர்வையை அடித்துக்கொண்டிருக்கிறேன். நம்ம வழக்கம் தெரியுமே, ‘ஸ்ஸோ... ஸ்ஸோ...’ என்று மூச்சு. துரையம்மா ஓடிவந்தாள். செருப்பைக் கழற்றினாள். எதிரே குந்தினாள். போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவளும் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்! அடித்துக்கொண்டே பாடினாள். குரலா அது! மலையிலிருந்து மழை இறங்குகிற மாதிரி.

“துரையம்மா, இது என்னா பாட்டு? கோயில் பாட்டா?”

“இல்லே அன்னம்மா. துணி அடி பாட்டு.”

“உங்க ஊர்லயும் டோபி இருக்காங்களா?”

“எங்க தீவு, எல்லாப் பொம்பளையும் டோபி!”

கேளுங்கள் தாய்மார்களே. அந்தத் தீவில் ஆட்டு ரோமத்தில் துணி நெய்வார்கள். தறியிலிருந்து இறங்கும்போது அது சல்லடை. குளிர்காற்று உள்ளே புகுந்து எலும்பை எண்ணிவிட்டுப் போகும். அதை இறுக்க வேண்டும். எப்படி இறுக்குவது? நனைத்து, நீளப் பலகையில் போட்டு, சுற்றி உட்கார்ந்து பெண்கள் எல்லாரும் அடி அடி என்று அடிக்க வேண்டும். எதில் நனைப்பார்கள்? சோப்பிலா? சீயக்காயிலா? பீப்பாயில் சேர்த்துவைத்த பழைய மூத்திரத்தில்! ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? புதுவீட்டுக்குக் கோமியம் தெளிக்கிற நமக்கு மூக்கைப் பிடிக்க என்ன யோக்கியதை?

துணி அடிக்கிற வீட்டுக்குள் ஆம்பிளை நுழையக் கூடாது. நுழைந்தால்? துணியோடு துணியாக அவனையும் பலகையில் போட்டு உருட்டிவிடுவார்களாம். அடேயப்பா, இவ்வளவு நேரம் இல்லாத கைதட்டல்! எத்தனை வருஷத்து ஆசையம்மா இது?

சும்மா அடித்தால் கை சோர்ந்துபோகும். அதனால் பாட்டு. ஒருத்தி எடுப்பாள், மற்றவர்கள் ‘ஹோ ரோ’ போடுவார்கள். துணி இறுகி முடிகிற நேரத்தில் கேலிப்பாட்டு ஒன்று வரும். அதுதான் நான் சொல்ல வந்த பாட்டு. துரையம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் நான் கட்டிக்கொண்டேன்.

‘அடிச்ச கம்பளி யாருக்கடி? - ஹோ ரோ!
எங்க மோராக் பொண்ணுக்கடி! - ஹோ ரோ!
போத்தப் போறா, யாரை யாரை? - ஹோ ரோ!’

இப்படிக் கேட்டுவிட்டு, எடுக்கிறவள் ஒரு ஆம்பிளை பேரைப் போடுவாள். வேண்டுமென்றே ஒரு மூக்கொழுகி பேரைப் போடுவாள். அந்தப் பெண் ‘சீ’ என்று துணியைத் தள்ளிவிடுவாள். இன்னொரு பேர். அதையும் தள்ளுவாள். கடைசியில் சரியான பேர் வரும். அவள் வாயைத் திறக்க மாட்டாள். துணியை ரெண்டு தட்டு தட்டுவாள், பட், பட்! அவ்வளவுதான். ஊருக்கே தெரிந்துவிடும். அந்தத் தட்டு சத்தியத்துக்குச் சமம். தட்டிவிட்டு மாற முடியாது.

“அப்புறம்?” என்றேன். துரையம்மா சிரிப்பை நிறுத்தினாள்.

அவள் பாட்டிக்குப் பாட்டி காலத்தில் அந்தத் தீவின் நிலத்துக்கு ஒரு பெரிய முதலாளி. மனிதனைக் குடிவைப்பதைவிட ஆட்டை மேயவிட்டால் வரும்படி அதிகம் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. போதாதா? ஆட்கள் வந்தார்கள். ‘வெளியே போ’ என்றார்கள். போகாதவன் கூரையில் தீயை வைத்தார்கள். அடுப்பில் கஞ்சி, தறியில் நூல், பலகையில் பாதி அடித்த துணி. பாதித் துணியைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள் பெண்கள். இரண்டு கப்பல். அக்காள் ஒன்றில், தங்கச்சி ஒன்றில். கப்பல்காரன் எப்படி எழுதிக்கொண்டான் தெரியுமா? ‘பெண்கள், இத்தனை உருப்படி.’ பேர் கிடையாது! ஆட்டுக்காவது காதில் அடையாளம் வெட்டினார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை.

பெண்கள் என்ன செய்தார்கள்? அழுதார்களா? அழுதிருப்பார்கள். ஆனால் அழுதுகொண்டே, கப்பல் தளத்தில் உப்புத் தண்ணீரில் அந்தப் பாதித் துணியை நனைத்து, அடிக்க ஆரம்பித்தார்கள். கேலிப்பாட்டை எடுத்தார்கள். இந்தக் கப்பலில் ஒருத்தி பேரைப் போட்டால், அந்தக் கப்பலிலிருந்து பட் பட் என்று பதில் வரும். ‘இருக்கிறேன், நான் இருக்கிறேன்’ என்று வரும். காதலனைக் கேட்ட பாட்டு, காணாமல் போனவளைத் தேடும் பாட்டாக ஆகிவிட்டது. கப்பல்காரன் எழுதாத பேரை எல்லாம் அந்தப் பாட்டு ஏற்றிக்கொண்டது. இன்றைக்கும் துரையம்மா வீட்டில் பாடினால் அந்தப் பேர்கள் வரிசையாக வருமாம்.

இதைச் சொல்லும்போது அவள் கிணற்றடியிலிருந்து லயத்தைப் பார்த்தாள். அங்கே புதிதாக முள்கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டச் சொன்னது அவள் புருஷன். போர்வை அன்றைக்குக் கொஞ்சம் பலமாக அடிபட்டது.

சரி, வெள்ளைக்காரிக்கு நேர்ந்த கதை, நமக்கு என்ன என்கிறீர்களா? நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோமே, நம்மை எப்படி எண்ணினார்கள்? அது இருக்கட்டும். அந்தப் பாட்டு நம்ம தோட்டத்து வாசலில் என்ன வேலை செய்தது என்று கேளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் மங்களம் என்று ஒருத்தி. வாய் திறந்தால் முத்து உதிரும் என்பார்களே, இவள் வாயையே திறக்க மாட்டாள். அவள் வீட்டுக்காரர் அப்புசாமி, கருவாடு வாங்கக் கோலா சுங்கை பாருவுக்குப் போனார். படகில் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டை தண்ணீரில் விழுந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் பட்டாளம் பிடித்துக்கொண்டது. அட்டை இல்லாதவன் யார்? காட்டுக்காரன்! மறுநாள் காலை, பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்த நேரம், லாரியில் ஏற்றித் தோட்டத்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கூட வந்த ஆபிசர் சின்ன வயசு, ஸ்காட்லாந்துக்காரன். அணிவகுப்பு நாளில் பாவாடை கட்டுகிற பட்டாளம். ஐயோ, அந்தப் பாவாடையின் மடிப்பை இஸ்திரி போட்டவள் இடுப்பைக் கேளுங்கள்!

ஆபிசர் சொன்னான்: “இவன் பெண்டாட்டி வந்து இவன் பேரைச் சொல்லட்டும். வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேர் சரியாக இருந்தால் விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் சிறைமுகாம்.”

நல்ல மனுஷன்தான், நியாயமான சோதனைதான். ஆனால் யாரிடம் வைத்தான் பாருங்கள்! தாலி கட்டிய நாள் முதல் ‘இந்தாங்க’ என்றுகூடக் கூப்பிடாமல், பாத்திரத்தைத் தட்டிக் கூப்பிடுகிறவளிடம்!

மொழிபெயர்க்க வந்தவர் ஒரு மலாய்க் கான்ஸ்டபிள். சந்தைக்குப் போய் கற்ற தமிழ்.

“உங்க புருசன் பேர் என்னா?”

மங்களம் மெல்ல வாயைத் திறந்தாள். “எங்க கொழுந்தன் பேரு பெரியசாமிங்க. இவரு அவருக்கு அண்ணன்.”

கான்ஸ்டபிள் திரும்பி ஆபிசரிடம் சொன்னார்: “துவான், புருஷன் பேர் தெரியாதாம். ஆனால் தம்பி பெரிய கடவுளாம்.”

ஆபிசர் லாரிக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினான். வண்டி உறுமியது. அப்புசாமி அண்ணன் லாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினார்: “அடியே! சொல்லுடி! இந்த ஒரு தடவை சொல்லித் தொலைடி!” மங்களத்தின் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. வாய் ஒட்டிக்கொண்டது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் அவரே இல்லை! என்ன செய்வாள்?

அந்த நேரம் பார்த்து, பங்களா ஈரத்துணிக் கூடையோடு நான் வருகிறேன். எனக்கு அறிவு வேலை செய்யவில்லை அம்மா, வாய்தான் வேலை செய்தது. கூடையிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை உருவினேன். லாரியின் பின்பலகை திறந்து தொங்கியது. அதில் போட்டேன். மறுமுனையை மங்களத்தின் கையில் திணித்தேன். அடித்தேன். எடுத்தேன் பாட்டை!

‘அடிச்ச கம்பளி யாருக்கடி? - ஹோ ரோ!’

ஒரு குரல் என்னோடு சேர்ந்து ‘ஹோ ரோ’ போட்டது. யார்? ஆபிசர்! அவனுக்கே தெரியாமல் அவன் வாய் போட்டது. முகம் சிவந்துவிட்டது. கான்ஸ்டபிளிடம் என்னமோ சொன்னான். கான்ஸ்டபிள் முழித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: “துவான் சொல்றார், இது அவர் அம்மா பாட்டு. ஆம்பிளை பார்க்கக் கூடாதாம்.” சொல்லி முடிப்பதற்குள் அந்தத் துப்பாக்கிக்காரப் பிள்ளை தொப்பியைக் கழற்றிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டான். சின்ன வயசில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருப்பான் போல. இனி அவனுக்குக் காதுதான் சாட்சி.

‘எங்க மங்களம் பொண்ணுக்கடி! - ஹோ ரோ!
போத்தப் போறா, யாரை யாரை? - ஹோ ரோ!
மாயாண்டியையா?’

ஆள் மேய்க்கிற மாயாண்டி தண்டல் அங்கேயே மீசையோடு நிற்கிறார். மங்களம் ‘சீ’ என்று விரிப்பைத் தள்ளினாள் பாருங்கள், அது போய் அவர் மீசையிலேயே விழுந்தது. வாசலே சிரித்தது. அப்புசாமி அண்ணன்கூட அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்.

‘பெரியதம்பியையா?’ தள்ளினாள்.

‘அப்புசாமியையா?’

மங்களம் என்னைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். பட்! பட்! லாரிப் பலகை அதிர்ந்தது.

ஆபிசர் திரும்பினான். மறுபடி சோதிக்கவில்லை. பொய்ப்பேரைத் தள்ளியதையும் மெய்ப்பேரைத் தட்டியதையும் கேட்டவனுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? லாரியின் கம்பிக் கதவை அவனே திறந்துவிட்டான். அப்புசாமி அண்ணன் குதித்து இறங்கினார். என்ன செய்தார் தெரியுமா? கட்டிப்பிடித்தார் என்றா நினைக்கிறீர்கள்? “ஏண்டி, கருவாட்டை லாரியிலேயே வுட்டுட்டேன்!” என்றார். ஆம்பிளைகள்!

தாய்மார்களே! ‘ஆஹா, அப்படியானால் நாங்களும் மேசையில் ரெண்டு தட்டு தட்டிவிடுகிறோம்’ என்று நினைக்கிறீர்கள். அதுதான் இல்லை! சேகரன் தம்பி ஸ்காட்லாந்துக்காரர் இல்லை. அவருக்கு வாயால் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டை இன்னொரு தரம் நினைத்துப் பாருங்கள். அதில் முதலில் வருவது யார் பேர்? புருஷன் பேரா? இல்லை! ‘யாருக்கடி கம்பளி? மங்களத்துக்கு!’ பெண்ணின் பேர்! அதற்குப் பிறகுதான் ஆணின் பேர், அதுவும் அவள் தட்டினால்தான்! நம்மை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ‘மணியம் பெண்சாதி’, ‘பெரியவன் ஆத்தா’, ‘ஏய்’, ‘இந்தா புள்ளே’. இத்தனை வருஷம் மரம் வெட்டியவளை, முள்கம்பிக்குள் பிள்ளை பெற்றவளை, இன்றைக்குத்தான் ஒருத்தர் மேசை போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, ‘அம்மா, உங்கள் பேர் என்ன?’ என்று கேட்கிறார்! கப்பல்காரன் கேட்காத கேள்வி அது! உருப்படி என்று எண்ணிய உலகத்தில், உன் பேர் என்ன என்று ஒரு நாடு கேட்கிறது! அதற்கு நாம் காட்டும் பதில் முதுகா?

வீட்டுக்காரர் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையுமா? அப்படியானால் இந்தத் தோட்டத்துக் கங்காணிமார் பேரை நாம் திட்டித் திட்டிச் சொன்னதற்கு, அவர்களில் ஒருத்தர்கூட உயிரோடு இருக்கக் கூடாதே! கொழுக்கு மொழுக்கென்று எதிரே உட்கார்ந்திருக்கிறார்களே!

சொல் ராமாத்தா. எழுந்து நில். இங்கேயே ஒரு தரம் சொல்லிப் பழகிக்கொள். மேசையில் எளிதாக வரும். என்ன? என்னமோ சொல்கிறாள். சத்தமாகச் சொல் புள்ளே.

“அக்கா, இவ்ளோ பேசறீங்களே, உங்க வீட்டுக்காரரு பேரு என்னாக்கா?”

...

என்ன சிரிப்பு? தலைவரே, நீங்களுமா சிரிக்கிறீர்கள்?

என் வீட்டுக்காரர் பேரா? அது எல்லாருக்கும் தெரியுமே. பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர்தான். ஊரெல்லாம் ‘டோபிக்காரர்’ என்று கூப்பிடுமே...

“அது பேரில்லேக்கா! நீங்க சொன்னா நான் சொல்றேன். நீங்க சொல்லலேன்னா நான் லாரி ஏறிடுவேன்!”

பார்த்தீர்களா, நேற்றைக்கு வாய் ஒட்டிப்போனவள் இன்றைக்கு எப்படிப் பேசுகிறாள்! சபையோரே, ஊர் முழுக்க அழுக்கை அலசிய வாய் இது. அப்புசாமி பேரை லாரி அதிர அதிரப் பாடிய வாய் இது. இவர் பேருக்கு மட்டும் எனக்கும்... கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் ஐயா.

சரி. ஐந்து மணிக்கு மேசை மடங்கிவிடும்.

என் பேர் அன்னம்மா. என் வீட்டுக்காரர் பேர், சா... சாமிநாதன்! சாமிநாதன்! போதுமா? அட, இனிப்பாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் வீணாக்கிவிட்டேனே! ஏங்க, நிமிர்ந்து உட்காருங்கள். ஆயுசு ஒன்றும் குறையவில்லை. காதுதான் கொஞ்சம் சிவந்திருக்கிறது.

இப்போது உன் முறை. அதோ, எழுந்துவிட்டாள். வழி விடுங்கள். ராமாத்தா, இங்கே என்னிடம் இல்லை, அங்கே, வராந்தாவுக்குப் போ. கேட்கிறதா எல்லாருக்கும்? ஜன்னல் வழியாகக் கேட்கிறதா?

“எம் பேரு ராமாத்தா! எங்க வீட்டுக்காரரு பேரு மணியம்! எழுதிக்குங்க தம்பி, நல்லா அழுத்தி எழுதிக்குங்க!”

கை தட்டியது போதும், காலை எடுத்து வையுங்கள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக. முண்டியடிக்காதீர்கள், சேலை கிழிந்தால் தைக்க எனக்குத் தெரியாது, வெளுக்கத்தான் தெரியும். பேச இடம் தந்த தலைவருக்கும், கேலியைப் பொறுத்துக்கொண்ட பெரியவர்களுக்கும், பதில் கேலி செய்த ராமாத்தாளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தலைவரே, சுருக்கமாகப் பேசாததற்கு மன்னியுங்கள். மைக்கை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். நானும் இன்னும் பதியவில்லை, வரிசை நீளுகிறது. வருகிறேன், வணக்கம்!